பதினாலு எழுந்தாச்சு

இருமினால் செல்லாது. விளக்கைப் போட்டால் செல்லாது. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டாலும் செல்லாது. உள்ளே இருப்பவர் வாயைத் திறந்து, அறை எண்ணைச் சொல்லி, எழுந்தாகிவிட்டது என்று சொன்னால்தான் எழுப்ப வந்தவர் கதவை விட்டு நகருவார். அதுவரைக்கும் விரல்முட்டியால் இரண்டு தட்டு, உள்ளங்கையால் ஒரு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் இரண்டு, ஒன்று.

"ரூம் நம்பர் பதினாலு. கொரல் குடுங்க சார்."

அந்தப் பதினாலு நான்தான். நில அளவைத் துறையில் வேலை கிடைத்து காஞ்சிபுரத்துக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகாதவனுக்கு வீடு கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த லாட்ஜில் மாத வாடகைக்கு அறை எடுத்தேன். ஒரு மாதம் தங்கலாம் என்று போனவன் நான்கு வருடம் தங்கினேன்.

அப்போதே அது பழைய கட்டடம். இரண்டு மாடி, இருபத்திரண்டு அறைகள். பெயர்ப்பலகையில் பாதி எழுத்துக்கு விளக்கு எரியாது. அறைக்கும் அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். பக்கத்து அறைக்காரர் பெருமூச்சு விட்டால் இந்த அறையில் கேட்கும். முகூர்த்தப் புடவை எடுக்க வருபவர்கள், கோயில் பார்க்க வருபவர்கள், வழக்குக்கு வருபவர்கள், என்னைப் போல் போக்கிடம் இல்லாதவர்கள் என்று எல்லோரும் வந்து போவார்கள். நான் அங்கே இருந்த நான்கு வருடமும் நிரந்தரமாக இருந்தவர்கள் இரண்டே பேர். நானும் அவரும்.

அவரை எல்லோரும் 'ரூம் பாய்' என்றார்கள். அவருக்கு அப்போதே நாற்பது வயது தாண்டியிருக்கும். காதோரம் நரைத்திருந்தது. நேற்று மீசை முளைத்தவன்கூட "ரூம் பாய், ஒரு பக்கெட் வெந்நீர்" என்பான். அவரும் கொஞ்சமும் முகம் சுளிக்காமல் கொண்டு போய் வைப்பார். நான் 'அண்ணா' என்று கூப்பிட்டேன். அவர் என்னை 'பதினாலு சார்' என்றார். என் பெயரை அவர் கேட்டதில்லை. அவர் பெயரை நானும் கேட்கவில்லை. நாலு வருடம் தினமும் முகம் பார்த்துக்கொண்ட இருவர் இப்படி இருக்க முடியுமா என்றால், லாட்ஜில் முடியும்.

அவர் படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறையில் படுப்பார். நிமிர்ந்தால் தலை இடிக்கும் அறை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. எந்த அறைக்காரர் எத்தனை மணிக்கு எழுப்பச் சொல்கிறாரோ அதை அந்தக் கதவின் வலது மூலையில் எழுதிவிடுவார். '4½', '5', '5¼'. விடிகாலையில் தட்டி, உள்ளேயிருந்து குரல் வந்த பிறகு, தோளில் கிடக்கும் ஈரத்துணியால் அதைத் துடைப்பார். குரல் வராமல் துடைக்க மாட்டார். கதவுக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கு அந்தத் துணி மரத்தில் தேயும் சத்தம் கேட்டால்தான் நாள் தொடங்கியதுபோல் இருக்கும்.

இதனால் சண்டைகள் வந்ததுண்டு. ஒருமுறை ஆந்திராவிலிருந்து கல்யாணப் புடவைக்கு வந்த கூட்டம் ஒன்று மூன்று அறைகள் எடுத்திருந்தது. ராகு காலம் வருவதற்குள் கடையில் முதல் புடவையைத் தொட்டுவிட வேண்டும் என்று சொல்லி எழுப்பச் சொன்னவர்கள் அவர்களேதான். காலையில் இவர் தட்ட, உள்ளேயிருந்து ஒரு பெரியவர் "லேச்சாமு, லேச்சாமு" என்று, எழுந்துவிட்டோம் என்பதைத் தெலுங்கில் கத்தினார்.

"நம்பர் செப்பண்டி" என்றார் இவர்.

பெரியவர் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஆள் எதிரே நிற்கிறார். இவரோ கதவைப் பார்த்துக்கொண்டு, "நம்பர் சொன்னாதாங்க கணக்கு" என்கிறார். கடைசியில் அந்தப் பெரியவர் வராந்தாவில் நின்று தன் அறை எண்ணைத் தெலுங்கில் உரக்கச் சொன்னார். இவர் கதவைத் துடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இன்னொரு முறை வாய் பேசாத, காது கேட்காத ஒருவர் வந்து தங்கினார். கருட சேவை பார்க்க வந்தவர். வைகாசியில் அந்த ஒரு நாளுக்கு அறைக்குப் பத்துப் பேர் அடைந்து கிடப்பார்கள். பெருமாள் கோபுர வாசலுக்கு வரும் விடியலில் அங்கே போய் நிற்க வேண்டும் என்று அத்தனை பேரும் எழுப்பச் சொல்வார்கள். வாய் பேசாதவரை இவர் எப்படி எழுப்பப் போகிறார் என்று பார்க்க நானும் முன்னதாகவே எழுந்து நின்றேன். இவர் ஒரு சணல் கயிற்றை ஜன்னல் வழியாக உள்ளே விட்டிருந்தார். மறுமுனை அந்த மனிதரின் கால் கட்டைவிரலில். இரண்டு இழுப்பு, ஒரு இழுப்பு. சிறிது நேரத்தில் கயிறு உள்ளேயிருந்து இழுபட்டது. இரண்டு, ஒன்று.

"இது கொரல்தான் சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கதவைத் துடைத்தார்.

ஏன் இப்படி என்று நான் கேட்டது மூன்றாவது வருடத்தில்தான். மொட்டை மாடியில் விரிப்புகளைக் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் விடுமுறை நாளில் வேறு வேலையில்லாமல் மறுமுனையைப் பிடித்து உதவிக்கொண்டிருந்தேன்.

"ஏன்ணா, இருமினா மட்டும் ஒத்துக்கவே மாட்டேங்கறீங்க?"

"ஒன்பதுல ஒருத்தர் தங்கினாரு சார். நீங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. சேலம் பக்கம் அவருக்கு. பொண்ணுக்குக் கல்யாணம்னு பொடவ எடுக்க வந்தாரு. அஞ்சு மணிக்கு எழுப்பச் சொன்னாரு. போய்த் தட்டினேன். இருமற சத்தம் கேட்டுது. சரி, எழுந்துக்கினாருன்னு போயிட்டேன்."

விரிப்பை உதறினார். நான் என் முனையை விடவில்லை.

"அந்த இருமல் பத்தாம் நம்பர்ல இருந்து வந்தது சார். செவுரு மெல்லிசு."

பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் ஒன்பதாம் அறையின் கதவை உடைத்திருக்கிறார்கள். மாரடைப்பு. விடிகாலையிலேயே கொண்டுவந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அந்த டாக்டர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட வார்த்தைகளைச் சொல்லிவிட்டு டாக்டர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கேட்டவர்கள் ஆயுள் முழுக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"பொடவப் பொட்டி தலமாட்டுல இருந்துது சார். பிரிக்கவே இல்ல" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அவருக்குக் குடும்பம் என்று யாரும் இல்லை. இருந்து போனார்களா, இல்லவே இல்லையா என்று எனக்குத் தெரியாது. சாவைப் பற்றி அவருக்குப் பயம் கிடையாது. ஆனால் ஒரு பயம் இருந்தது. "பகல் பன்னெண்டு வரைக்கும் யாரும் தெரியாம கெடக்கக்கூடாது சார். அவ்ளோதான்" என்பார். அதற்கு ஓர் ஏற்பாடும் வைத்திருந்தார். எதிரே இருந்த டீக்கடை மாஸ்டர் கடை திறக்க வரும்போது லாட்ஜின் ஷட்டரை ஒரு அடி அடிப்பார். படிக்கட்டுக்குக் கீழேயிருந்து பதில் வரும்: "லாட்ஜ் எழுந்தாச்சு!" அவருக்கென்று அறை எண் இல்லாததால், எல்லா எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

எனக்குக் கல்யாணம் ஆனது. ஓரிக்கையில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டேன். மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால், என் மனைவி பக்கத்தில் நிற்கும்போதே "இன்னா பதினாலு சார், சௌக்கியமா?" என்பார். "உங்களுக்கு ஜெயில்ல வெச்ச நம்பரா அது?" என்று அவள் கேலி செய்வாள். பல வருடம் கழித்து அவள் இறந்தபோது, காரியத்துக்கு வந்தவர்களில் அவரும் இருந்தார். ஒரு மூலையில் நின்றார், சாப்பிடாமல் போனார்.

அந்த வருடம் ஒரு நாள் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. மகள் புனேயில் வேலைக்குப் போயிருந்தாள். லாட்ஜுக்குப் போய் பதினாலாம் அறையைக் கேட்டேன். உள்ளூரில் வீடு இருப்பவனுக்கு அறை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்தார்.

"எத்தன மணிக்கு எழுப்பணும் சார்?"

"அஞ்சு."

"எங்கியாவது போறீங்களா?"

"இல்லண்ணா."

அவர் கதவில் '5' என்று எழுதினார். காலையில் வந்து தட்டினார். இரண்டு, ஒன்று. நான் எண்ணைச் சொன்னேன். துணி தேயும் சத்தம் கேட்டது. எழுந்து எங்கும் போகாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அவள் போன பிறகு என்னை யாரும் எழுப்பியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இவ்வளவும் செய்த மனிதருக்கு நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

லாட்ஜ் முதலாளி இறந்து, பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள். மூன்று தளத்தில் பெரிய ஜவுளிக்கடை வரப்போகிறது, கீழே கார் நிறுத்துமிடம். இடத்தை அளந்து கொடுக்க வந்த ஆள் நான்தான். என் டேப்பைப் பிடித்துக்கொண்டு நான் தங்கிய அறையின் சுவர் ஓரமாகவே நடந்தேன். எதிர் டீக்கடையையும் சேர்த்தே விற்றிருந்தார்கள். வரைபடத்தில் இருபத்திரண்டு அறையும் சேர்ந்து ஒரு கட்டம்.

"எதுக்கு சார் அளக்கிறீங்க?" என்று அவர் கேட்டார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்தான்.

"வழக்கமா பண்றதுதாண்ணா" என்றேன்.

இடிக்கப்போவது எனக்குத் தெரியும். அரசாங்க ரகசியம் ஒன்றும் இல்லை, சொல்லியிருக்கலாம். இரண்டு மாதம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் பக்கத்திலேயே எங்காவது இடம் பார்த்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். காலி செய்ய அவருக்குக் கிடைத்தது ஒரு வாரம்.

முதலில் கதவுகளைக் கழற்றினார்கள். பழைய தேக்கு என்று மரக்கடைக்காரர் சின்ன லாரி கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு கதவும் கீழே வர வர இவர் ஈரத்துணியால் வலது மூலையைத் துடைத்து அனுப்பினார். சாக்பீஸ் எழுத்து எதுவும் இல்லை. "இன்னா பெரிசு, பொண்ண அனுப்பற மாதிரி தொடச்சி அனுப்புற" என்று லாரிக்காரன் சிரித்தான். இவரும் சிரித்தார்.

இடிக்கும் நாளில் எல்லைக்கல் காட்ட நானும் போக வேண்டியிருந்தது. காலை ஏழு மணி இருக்கும். ஜேசிபி வந்து நின்றுவிட்டது. இவர் மேஸ்திரியிடம் போய், "அஞ்சு நிமிஷம் இருப்பா. கதவில்லாத ரூமு, எவனாச்சும் வந்து படுத்துக்கினு இருப்பான்" என்றார். மேஸ்திரி அலுத்துக்கொண்டே தலையாட்டினார். இவர் மாடிக்குப் போய் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினார். தட்டக் கதவு இல்லை. நிலைக்கட்டையில் தட்டினார். இரண்டு, ஒன்று. "ரூம் நம்பர் ஒன்னு. கொரல் குடுங்க." காத்திருந்தார். அடுத்தது. கீழே நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒப்பந்தக்காரரின் என்ஜினீயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பதினாலுக்கு வந்தார். அந்த அறை தெருவைப் பார்த்தது. வெளிச்சுவர் ஜன்னலையும் கழற்றிவிட்டதால் அவர் உள்ளே எட்டிப் பார்ப்பது எனக்குக் கீழிருந்தே தெரிந்தது.

"ரூம் நம்பர் பதினாலு. கொரல் குடுங்க சார்."

மற்ற அறைகளில் 'சார்' சொல்லவில்லை. எனக்குப் பதில் தொண்டை வரை வந்துவிட்டது. பக்கத்தில் என்ஜினீயர் நிற்கிறார், என் அலுவலகத்து ஆள் நிற்கிறான், கையில் வரைபடம் இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அரசு ஊழியன் தெருவில் நின்று என்னவென்று கத்துவது? வெட்கமாக இருந்தது. நான் இருமினேன்.

அவர் அங்கேயே நின்றார். மற்ற வாசல்களில் நின்றதைவிட நெடுநேரம் நின்றார். பிறகு பதினைந்துக்குப் போனார். இருபத்திரண்டும் முடிந்து கீழே வந்து, "யாரும் இல்லபா, நீ ஆரம்பி" என்று மேஸ்திரியிடம் சொன்னார். முதலில் போனது தெருப்பக்கச் சுவர்தான்.

வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் அவருக்கு வாடகைக்கு ஒற்றை அறை கிடைத்தது. பஸ் ஏறும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "காலைல ஆறு மணிக்கு ஒரு போன் போடுவீங்களா சார்? எடுத்தேன்னா வெச்சுடுங்க. எடுக்கலன்னா வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்லுங்க." அந்த அம்மாள் எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். வேறு உதவி எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். நான் போட்டுக்கொடுத்த அளவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். என் போனில் அவர் 'லாட்ஜ்'. அவர் போனில் நான் வெறும் '14'. இரண்டாவது மணியில் எடுப்பார். "லாட்ஜ் எழுந்தாச்சு சார்." அவ்வளவுதான், வைத்துவிடுவோம். லாட்ஜ் இருந்த இடத்தில் அப்போது கான்கிரீட் தூண்கள் எழும்பியிருந்தன.

இரண்டாவது வருடம் தை மாதத்தில் ஒரு காலை அவர் எடுக்கவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு அந்த அம்மாளுக்குச் சொன்னேன். ஆறரை மணிக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டார்கள். தூக்கத்திலேயே போயிருந்தார். பகல் பன்னிரண்டு வரை கிடக்கவில்லை. மயானத்தில் சீட்டு எழுதும்போதுதான் அவர் பெயரை முதன்முதலாகக் கேட்டேன். அதை இங்கே எழுதினால் எனக்கே வேறு யாரையோ பற்றிப் படிப்பதுபோல் இருக்கும். விட்டுவிடுகிறேன்.

இப்போதும் ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. போனைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைக்கிறேன். அந்த நேரத்தில் ஓரிக்கை வீடு ரொம்பப் பெரியதாக இருக்கிறது. அப்போதெல்லாம் அவர் போவதற்குச் சில மாதங்கள் முன்னால் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வரும்.

எனக்குக் கடுமையான காய்ச்சல். முந்தின நாளே போனில் சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது. எழுந்து போட உடம்பில் தெம்பில்லை. ஆறு மணி எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் வரை வந்திருந்தது. கதவு தட்டும் சத்தம். இரண்டு, ஒன்று.

காய்ச்சலில் லாட்ஜில் இருப்பதாகவே நினைத்தேன். மறுபடியும் இரண்டு, ஒன்று.

"ரூம் நம்பர் பதினாலு. கொரல் குடுங்க சார்."

வாலாஜாபாத்திலிருந்து முதலில் ஒரு பஸ், அப்புறம் ஒரு பஸ், இறங்கி நடை. எழுபது வயதுக்கு மேல். போன் வரவில்லை என்பதற்காக வந்திருக்கிறார். யாரை யார் கவனித்துக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது.

"இருமினா செல்லாது சார்" என்றார் கதவுக்கு வெளியே. அவர் குரல் நடுங்கியது. அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை. "அன்னிக்கும் இருமிட்டு வுட்டுட்டீங்க."

கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். இருந்த தெம்பையெல்லாம் சேர்த்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"பதினாலு எழுந்தாச்சுண்ணா!"

பிறகு, எழுத்து எதுவும் இல்லாத என் கதவின் வலது மூலையில், துணி தேயும் சத்தம் கேட்டது.